உணவுத்தாளின் மீதிப் பாதி: உணவியல் நிபுணர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவியல் நிபுணர்களுக்கும், உணவு ஆலோசனை எழுதித் தரும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். மருத்துவப் பட்டம் எனக்கில்லை. ஆனாலும் பாடம் நடத்துகிற காரணத்தால், தெரிந்தவர்கள் உங்களிடம் வாங்கி வந்த தாளை என்னிடம் நீட்டி விளக்கம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்த மடல்.

பெரும்பாலும் ஒரே பக்கம். படிக்குப் படி எடுத்து எழுத்து மங்கிப் போயிருக்கும். மேலே பெயருக்கு ஒரு கோடு, வயதுக்கு ஒரு கோடு, எடைக்கு ஒரு கோடு. கீழே இரண்டு கட்டங்கள். 'தவிர்க்க வேண்டியவை' என்ற கட்டத்தின் முதல் வரியே 'எண்ணெய், கொழுப்பு' என்று தொடங்கும். சிலவற்றில் அந்த வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு முறை அழுத்தி அடிக்கோடு இழுத்திருப்பீர்கள். 'சேர்த்துக்கொள்ள வேண்டியவை' கட்டத்தில் கொழுப்பு நீக்கிய பால், கொழுப்பு நீக்கிய பிஸ்கட், ரொட்டி, பழச்சாறு. அவ்வளவுதான். எந்தக் கொழுப்பு, எவ்வளவு, அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதைச் சாப்பிடுவது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். 'கொழுப்பைக் குறையுங்கள்' என்பது பாதி வாக்கியம். எந்தக் கொழுப்பைக் குறைத்து, அதற்குப் பதில் எதை வைப்பது என்பது மீதிப் பாதி. ஆராய்ச்சி முழுவதும் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது. நீங்கள் படித்த பாடநூல்களிலும் அது இருக்கிறது. நோயாளியின் கைக்கு வரும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடும் ஒருவர், உங்கள் தாளை மதித்து, கொழுப்பின் பங்கை 35 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோகலோரிக்கு இடம் காலியாகிறது. வயிறு அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்காது. கையருகே இருப்பது ரொட்டி, பிஸ்கட், இனிப்பூட்டிய பானம். 75 கிராம் மாவோ சர்க்கரையோ உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும். எடை குறையவில்லை, டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் கொழுப்பு) ஏறிவிட்டது என்று அடுத்த முறை வரும்போது, 'சொன்னதைக் கேட்கவில்லை' என்று அவரைக் கடிந்துகொள்கிறீர்கள். அவர் சொன்னதைத்தான் கேட்டார். குடியிருந்தவரைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர், அடுத்துக் குடிவருகிறவர் யாரென்று பார்க்க மறந்த கதை இது.

இந்த இடமாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு பளிச்சென்று காட்டியது. அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறைப் பணியாளர்களையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து சேர்த்த தரவுகள் அவை. மொத்த ஆற்றலில் 5 சதவீதத்தை நிறைவுற்ற கொழுப்பிலிருந்து (வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி போன்றவற்றில் மிகுந்தது) எடுத்து, அதே அளவுக்குப் பன்மை நிறைவுறாக் கொழுப்பை (சூரியகாந்தி எண்ணெய், மீன் போன்றவற்றில் மிகுந்தது) வைத்தால் இதயத்தமனி நோய் அபாயம் 25 சதவீதம் குறைவு. ஒற்றை நிறைவுறாக் கொழுப்பை (ஆலிவ் எண்ணெயில் மிகுந்தது) வைத்தால் 15 சதவீதம் குறைவு. முழுதானியத்தை வைத்தால் 9 சதவீதம். வெள்ளை மாவையும் சர்க்கரையையும் வைத்தால்? குறிப்பிடும்படியான மாற்றமே இல்லை. எடுத்தது நான்கு கணக்கிலும் ஒன்றுதான். விடை மாறியது வைத்ததைப் பொறுத்து. இது பின்தொடர் ஆய்வு, காரணத்தை முழுமையாக நிறுவாது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் ஆட்களைப் பிரித்து உணவை மாற்றிப் பார்த்த சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

மீதிப் பாதி எப்படி உதிர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது.

1961-இல் அமெரிக்க இதயச் சங்கம் கொழுப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் 'குறையுங்கள்' என்று மட்டும் இல்லை. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகப் பன்மை நிறைவுறாக் கொழுப்பை ஓரளவு வைக்கலாம் என்ற பரிந்துரையும் சேர்ந்தே இருந்தது. 1977-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று உணவு இலக்குகளை வெளியிட்டது. மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்த கொழுப்பை 30-க்குக் கொண்டுவர வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைவுற்றதாக இருக்கலாம், சர்க்கரையையும் குறைக்க வேண்டும் என்றது. அதுவும் பரவாயில்லை. ஆனால் 1992-இல் வந்த உணவுப் பிரமிடு படத்தைப் பாருங்கள். அடித்தளத்தில் ரொட்டியும் தானியமும், நாளுக்கு 6 முதல் 11 பங்கு. உச்சியில் கொழுப்பு, எண்ணெய், இனிப்பு மூன்றும் ஒரே முக்கோணத்தில், 'சிக்கனமாகப் பயன்படுத்துக' என்ற குறிப்போடு. ஆலிவ் எண்ணெயும் சர்க்கரை மிட்டாயும் அங்கே ஒரே சாதி. முப்பது ஆண்டுகளில் ஒரு கவனமான வாக்கியம் ஒரு முக்கோணமாகச் சுருங்கிவிட்டது.

உணவுத் தொழில் அந்த முக்கோணத்தைத்தான் படித்தது. தொண்ணூறுகளில் கொழுப்பு நீக்கிய பிஸ்கட், கொழுப்பு நீக்கிய கேக், கொழுப்பு நீக்கிய ஐஸ்கிரீம் என்று கடைத்தட்டுகள் நிறைந்தன. கொழுப்பை எடுத்தால் ருசியும் மென்மையும் போய்விடும். அவற்றை மீட்கச் சர்க்கரையும் மாவும்தான் மலிவான வழி. பொட்டலத்தின் முன்பக்கத்தில் பச்சை நிறப் பட்டை, 'கொழுப்பு 0 கிராம்'. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முதல் மூன்று சேர்மானங்களுக்குள்ளேயே சர்க்கரை. உங்கள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார். தாள் அவரிடம் அதைத்தானே சொல்லியிருக்கிறது?

(சர்க்கரைத் துறை அமைப்பு ஒன்று, சர்க்கரையின் மீதான சந்தேகத்தைக் கொழுப்பின் பக்கம் திருப்புவதற்காக, 1967-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின் ஆசிரியர்களுக்குப் பணம் கொடுத்தது 2016-இல் ஆவணங்களோடு அம்பலமானது. அதைக் காட்டிக் கொழுப்பு முழுவதும் நிரபராதி என்று கிளம்பியவர்களும் உண்டு. லஞ்சம் கொடுத்தவன் குற்றவாளி என்பதால் மற்றவன் யோக்கியனாகிவிடமாட்டான்.)

அமெரிக்க உடலியலாளர் ஏன்சல் கீஸ் பெயரைச் சொல்லாமல் இந்த விவாதம் முடிவதில்லை. மொத்தக் கொழுப்பின் எதிரி என்று அவரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1958-இல் தொடங்கிய அவருடைய ஏழு நாடுகள் ஆய்வில் 40 முதல் 59 வயதுக்குட்பட்ட 12,763 ஆண்கள் இருந்தனர். இதய நோய் மரணம் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் ஒன்று கிழக்கு பின்லாந்து. மிகக் குறைவாக இருந்த பகுதிகளில் ஒன்று கிரீட் தீவு. இரண்டு இடத்திலும் மக்கள் தங்கள் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தே பெற்றார்கள். அங்கே பாலும் வெண்ணெயும், இங்கே ஆலிவ் எண்ணெய். எதிரி என்று சொல்லப்படுகிறவரின் கையிலிருந்தே, அளவைவிட வகைதான் கணக்கு என்பதற்கான முதல் பெரிய சான்று வந்தது. அந்த அட்டவணையை வகுப்பில் மாணவர்களிடம் காட்டும்போதெல்லாம் ஒரு நிமிடம் அமைதி நிலவும். பிறகு யாராவது, 'அப்படியானால் மொத்தக் கொழுப்பை ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

மொத்தக் கொழுப்பைக் குறைத்துப் பார்த்த மிகப் பெரிய சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. மாதவிடாய் நின்ற 48,835 பெண்கள். ஒரு பிரிவினருக்குக் கொழுப்பை ஆற்றலின் 20 சதவீதத்துக்குக் குறைக்கும் இலக்கு. சராசரியாக எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும் இதய நோயிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. அவர்கள் இலக்கைத் தொடவில்லை என்பது உண்மை. அடிக்கடி சந்தித்து, பயிற்சி கொடுத்து, கூடவே நின்றும் தொட முடியாத இலக்கை ஒரு மங்கிய தாள் எப்படித் தொடவைக்கும் என்பது வேறு கேள்வி.

ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் சோதனை இதற்கு நேர்மாறான வழியில் போனது. இதய நோய் அபாயம் அதிகமுள்ள 7,447 பேர். இரண்டு பிரிவினருக்கு மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறையோடு, ஒரு பிரிவுக்குக் கூடுதலாக ஆலிவ் எண்ணெய், மற்றதற்கு நாளுக்கு 30 கிராம் கொட்டைகள். மூன்றாம் பிரிவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை. எண்ணெயும் கொட்டையும் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தன. 2013-இல் வெளியான அந்தக் கட்டுரையில், ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் கோளாறு இருந்ததால், அதைத் திரும்பப் பெற்று 2018-இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. கோளாறு நடந்த ஆய்வு என்பதால் இதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற நான் தயங்குகிறேன். ஆனால் கொழுப்பைக் கூட்டிக் கொடுத்தவர்கள் மோசமாகிவிடவில்லை என்பதையாவது அது தெளிவாகக் காட்டுகிறது.

எடை குறைப்புக்கும் இதே கதிதான். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கொழுப்பு, மறு பாதிக்குக் குறைந்த மாவுச்சத்து என்று ஓராண்டு பார்த்தார்கள். இரு பக்கத்துக்கும் காய்கறி நிறையச் சாப்பிடவும், சர்க்கரையையும் வெள்ளை மாவையும் ஒதுக்கவும் சொல்லியிருந்தார்கள். ஆண்டு முடிவில் ஒரு பக்கம் சராசரி 5.3 கிலோ குறைந்தது, மறுபக்கம் 6 கிலோ. புள்ளியியல் கணக்கில் வேறுபாடில்லை. எடைக்காக வருகிறவருக்கு எது ஒத்துவருகிறதோ அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கொழுப்புதான் உடலைக் கொழுக்க வைக்கிறது என்று பயமுறுத்தத் தேவையில்லை.

இனி, கொழுப்பு நமக்கு எதற்கு என்ற பக்கம். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் தாளைப் படிக்கிறவருக்கு, கொழுப்பு என்பது உடலுக்கு வேண்டாத குப்பை என்ற எண்ணம்தான் வருகிறது.

1929-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பைத் துப்புரவாக நீக்கிய உணவைக் கொடுத்தார்கள். அன்று தெரிந்த வைட்டமின்கள் எல்லாம் அதில் சேர்த்திருந்தார்கள். கலோரிக்கும் குறைவில்லை. முதலில் வாலில் செதில் செதிலாகத் தோல் உரிந்தது. பிறகு வாலின் நுனி வீங்கிச் செத்துப்போனது. பாதங்கள் சிவந்தன, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டு எலிகள் மாண்டன. லினோலெயிக் அமிலம் உள்ள கொழுப்பைச் சிறிதளவு கொடுத்ததும் தேறின. உடல் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாத, உணவிலிருந்தே பெற்றாக வேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஒமேகா-6 வகையில் லினோலெயிக், ஒமேகா-3 வகையில் ஆல்பா-லினோலெனிக்.

அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரௌன் என்ற உயிர்வேதியியலாளர் ஆறு மாதம் தாமே கொழுப்பற்ற உணவைச் சாப்பிட்டுப் பார்த்தார். 1938-இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெடுநாள் ஒற்றைத் தலைவலிகூடப் போய்விட்டது. கொழுப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு இது பிடித்தமான கதையாக இருக்கும். ஆனால் வளர்ந்த மனிதரின் உடல் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் மாதக்கணக்கில் தாங்கும் அளவுக்குச் சேமிப்பில் இருக்கும். அந்தச் சேமிப்பு இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம், கொழுப்பற்ற புட்டிப்பாலாலும், பிற்காலத்தில் கொழுப்பில்லாமல் நரம்பு வழியே ஏற்றிய ஊட்டத்தாலும், எலியிடம் கண்ட அதே தோல் நோய் வந்தது. தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. முதல் இரண்டு வயதில் யாரும் குழந்தையின் கொழுப்பைக் குறைக்கச் சொல்வதில்லை. ஆனால் தாள் வீட்டுக்குப் போனால் வீடு முழுக்க அதைப் பின்பற்றும். அப்பாவுக்குக் கொடுத்த அறிவுரை, பால் மறந்த குழந்தையின் தட்டுக்கும் போய்ச் சேரும். 'இது பெரியவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை என்று பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அதன் பொருளை 2004-இல் அயோவாவில் செய்த ஒரு சின்னச் சோதனை கண்ணெதிரே காட்டியது. கீரை, காரட், தக்காளி கலந்த பச்சைக் காய்கறிக் கலவையைச் சிலருக்குக் கொழுப்பற்ற சாலட் டிரெஸ்ஸிங் ஊற்றியும், குறைந்த கொழுப்புள்ளதை ஊற்றியும், முழுக் கொழுப்புள்ளதை ஊற்றியும் கொடுத்துவிட்டு, இரத்தத்தில் கரோட்டின் வகைகள் (அவற்றில் சில உடலில் ஏ வைட்டமினாக மாறும்) ஏறுகின்றனவா என்று பார்த்தார்கள். கொழுப்பற்ற டிரெஸ்ஸிங்கோடு சாப்பிட்டபோது அனேகமாக ஒன்றுமே ஏறவில்லை. எண்ணெய் கூடக்கூட உறிஞ்சலும் கூடியது. குடலுக்குள் பித்தநீர் வந்து, கொழுப்பு நுண்திவலைகளாக உடைந்து, அந்தத் திவலைகளுக்குள் ஏறித்தான் கரோட்டின் குடல் சுவரைக் கடக்க வேண்டும். கொழுப்பு இல்லையென்றால் அதற்கு வாகனம் இல்லை. உங்கள் தாளில் 'காய்கறி அதிகம்' என்பதும் 'எண்ணெய் கூடாது' என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டாவது முதலாவதன் காலை வாரிவிடுகிறது.

இதற்குள்ளேயே ஒரு வேடிக்கையும் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் ஒலெஸ்ட்ரா என்ற பொருளுக்கு அனுமதி கிடைத்தது. கொழுப்பைப் போலவே ருசிக்கும், ஆனால் செரிக்காது, உறிஞ்சப்படாது, கலோரியும் கிடையாது. கனவுப் பொருள். ஆனால் வெளியே போகும்போது கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் கூட்டிக்கொண்டு போனது. அதனால் அந்த நான்கு வைட்டமின்களையும் திரும்பச் சேர்த்தே விற்க வேண்டியிருந்தது. சிலருக்கு வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'வெண்ணெய் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது' என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் இவன் என்று நீங்கள் முடிவு கட்டக்கூடும். அந்தக் கூட்டத்தின் மேல் உங்களைவிட எனக்குத்தான் கோபம் அதிகம்.

2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த ஒரு கட்டுரை, நிறைவுற்ற கொழுப்புக்கும் இதய நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றது. உடனே வெண்ணெய் அட்டைப்படம் ஏறியது. ஆனால் அத்தகைய தொகுப்புகளில் நிறைவுற்ற கொழுப்பு குறைவாகச் சாப்பிட்டவர்கள் அதற்குப் பதில் என்ன சாப்பிட்டார்கள் என்பது கலங்கிப்போய்விடுகிறது. பலர் வெள்ளை மாவும் சர்க்கரையும் சாப்பிட்டிருப்பார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் வெண்ணெய் மோசமில்லை என்றுதான் விடை வரும். மீதிப் பாதியை விட்டுவிட்டால் எதிரணியும் அதே குழியில்தான் விழுகிறது.

நிறைவுற்ற கொழுப்பு செய்யும் வேலை தெரிந்த ஒன்றுதான். 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரல் ஏற்பிகளின் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. அதனால் இரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே ஏற்பிகள் பழுதானவர்களுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருவதை உங்களைப் போல நெருக்கத்தில் கண்டவர்கள் வேறு யார்? பின்லாந்தில் வட கரேலியா மாகாணத்தில் 1972-இல் தொடங்கிய இயக்கம், வெண்ணெயிலிருந்து தாவர எண்ணெய்க்கு மக்களை மாற்றியது, புகையையும் உப்பையும் குறைத்தது. நான்கு பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயத்தமனி நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எல்லாப் பெருமையும் எண்ணெய்க்கே என்று சொல்லமாட்டேன், சிகிச்சையும் முன்னேறியது. ஆனால் அங்கே யாரும் வெண்ணெயை எடுத்துவிட்டுச் சர்க்கரையை வைக்கச் சொல்லவில்லை.

ஆகவே நிறைவுற்ற கொழுப்புக்கு மொத்த ஆற்றலில் 10 சதவீத வரம்பு சரியானதே. 2,000 கிலோகலோரி உணவில் ஏறத்தாழ 22 கிராம். தாவரத்திலிருந்து வருவதெல்லாம் நல்லது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தட்டி வையுங்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். பாமாயிலில் பாதி. மறுபுறம், விலங்குக் கொழுப்பு முழுவதும் நிறைவுற்றது என்பதும் தவறு. பன்றிக் கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுறாதது. ஆலிவ் எண்ணெயிலும் ஏழில் ஒரு பங்கு நிறைவுற்றது இருக்கிறது. எந்த எண்ணெயும் கலவைதான். இதையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடைத்து, அதற்கு மேல் பெருக்கல் குறி போட்டால் நோயாளி என்ன புரிந்துகொள்வார்?

பெருக்கல் குறி போட வேண்டிய கொழுப்பு ஒன்று உண்டு. அதைத்தான் பழைய தாள்கள் 'சேர்த்துக்கொள்ள வேண்டியவை' கட்டத்தில் வைத்திருந்தன. வெண்ணெய் வேண்டாம், மார்கரின் பூசிக்கொள்ளுங்கள் என்று பல ஆண்டுகள் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைப் பாதி ஏற்றிக் கெட்டியாக்கிய அந்தக் காலத்து மார்கரினில் டிரான்ஸ் கொழுப்பு நிறைய இருந்தது. 1957-லேயே ஃபிரெட் கும்மெரோ என்ற ஆய்வாளர் இறந்தவர்களின் திசுக்களில் அது படிந்திருப்பதைக் காட்டினார். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அது எல்டிஎல்லை ஏற்றுவதோடு, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல்லை இறக்கவும் செய்கிறது என்று நிறுவினார்கள். 2003-இல் டென்மார்க் சட்டம் போட்டது. அமெரிக்காவில் கும்மெரோ 2009-இல் மனுக் கொடுத்து, பதில் வராமல், 2013-இல் தம் 98-ஆவது வயதில் வழக்கே தொடுத்தார். 2015-இல்தான் அது பாதுகாப்பான பொருள் என்ற பட்டியலிலிருந்து நீங்கியது. 102 வயது வரை வாழ்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்னமும் எல்லா நாடுகளிலும் அது ஒழியவில்லை. அமெரிக்க விதிப்படி, ஒரு பங்கில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் பொட்டலத்தில் 'டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்' என்று அச்சிடலாம். பங்கின் அளவைச் சுருக்கினால் பூச்சியம் கிடைத்துவிடும். உங்களிடம் வருகிறவரிடம், சேர்மானப் பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றிய' என்று இருந்தால் வைத்துவிட்டு வரும்படி சொல்லுங்கள். அந்த ஒரு சொல், 'எண்ணெய், கொழுப்பு' என்ற பொத்தாம்பொதுவான வரியைவிட அதிகம் காப்பாற்றும்.

இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுத முடியாது என்பீர்கள். முடியும். 'தவிர்க்க வேண்டியவை' கட்டத்தில் 'எண்ணெய், கொழுப்பு' இருக்கும் இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'வெண்ணெய், பாலாடை, கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றைக் குறைக்கவும். அவற்றுக்குப் பதில் திரவ நிலையிலுள்ள தாவர எண்ணெய், கொட்டைகள், விதைகள், மீன் ஆகியவற்றில் உங்களுக்குப் பழக்கமானதைச் சேர்க்கவும். பதிலாகப் பிஸ்கட், இனிப்பு, வெள்ளை மாவுப் பண்டம் வேண்டாம்.' மூன்றே வாக்கியம், அதே கட்டத்துக்குள் அடங்கும். எதிர்க் கட்டத்திலிருந்து கொழுப்பு நீக்கிய பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் அடித்துவிட்டால் இன்னும் இடம் கிடைக்கும். அளவு கேட்பவருக்கு, பெரியவர்களுக்கு ஆற்றலில் 20 முதல் 35 சதவீதம் என்பது பல அமைப்புகள் ஏற்ற வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் 30 சதவீதத்துக்குள் என்று சொன்னது, அதுவும் பெரும்பகுதி நிறைவுறாததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2,000 கிலோகலோரி உணவில் 30 சதவீதம் என்றால் 67 கிராம். அது கண்ணுக்குத் தெரியும் எண்ணெய் மட்டுமல்ல, பாலிலும் கொட்டையிலும் பிஸ்கட்டிலும் ஒளிந்திருப்பதும் சேர்த்து என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். நிறைவுறாக் கொழுப்பிலும் கிராமுக்கு 9 கிலோகலோரிதான். நல்ல எண்ணெய் என்று தாராளமாக ஊற்றினால் இடுப்பளவு கூடத்தான் செய்யும்.

தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்?' நாளெல்லாம் வெறும் மாவுப் பண்டத்தில் வாழ்கிறவருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்வதில் பொருளே இல்லை. அவருக்குக் கொஞ்சம் கொட்டையைக் கூட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே மொத்தக் கொழுப்பையும் கடுமையாகக் குறைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டிக் கணைய அழற்சிக்கு அருகில் நிற்பவர், பிறவியிலேயே கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்ற முடியாதவர், நிணநீர்க் குழாய் கசிகிறவர். இவர்களுக்கு எந்த வகை என்ற பேச்சுக்கே இடமில்லை, கிராம் கணக்குத்தான். அதே மருத்துவமனையின் இன்னொரு தளத்தில், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு, ஆற்றலில் 90 சதவீதம் வரை கொழுப்பாகவே உள்ள கீட்டோஜெனிக் உணவைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அது 1921-லிருந்து நடைமுறையில் இருக்கும் சிகிச்சை. இந்த இரு தரப்பினருக்கும் நீங்கள் தனித்தனியாக உட்கார்ந்து, எடை பார்த்து, ஒவ்வொரு வேளைக்கும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் மற்ற எல்லோருக்குமாகக் கேட்கிறேன்.

மரியாதையுடன்,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்